மாமன் மடி

6 ஜனவரி 1986, திங்கள்

போர்டு எழுதுகிறவன், கடற்கரை என்று பேர், இன்றைக்கும் வந்து இழுத்தடித்துவிட்டுப் போனான். 'மனநோய் மருத்துவர்' என்று எழுத அவனுக்குக் கை ஓடவில்லை. "யம்மா, மனநோய்னு போட்டீங்கன்னா ஒரு காக்கா குருவி படியேறாது. நரம்புன்னு போடுதேன். நரம்பு எல்லாத்துக்கும் இருக்குல்லா." மதுரையில் கண் விழித்துப் படித்த படிப்பு கடைசியில் ஒரு பெயிண்டர் கையில் நரம்பாகிவிட்டது. எரிச்சல்தான். ஆனால் அவன் சொல்வது நிஜம். கீழே மருந்துக்கடை, மாடியில் நான். ரோட்டைப் பார்த்த படியில் மருந்து கம்பெனிக்காரர்கள்தான் ஏறுகிறார்கள். நோயாளிகள் எல்லாம் சந்துக்குள் இருக்கிற பின்படி வழியாகத்தான், முக்காட்டோடு. சரி, நரம்பு என்றே போடு என்று சொல்லிவிட்டேன்.

9 ஜனவரி

வெயிலம்மாளோடு சண்டை. கூட்டித் துடைக்க, வெந்நீர் வைக்க என்றுதான் அவளை வைத்தேன். அவள் கம்பெனியிலிருந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிற அட்டையும் பசைச் சட்டியும் கொண்டுவந்து பெஞ்சில் பரப்பிவிட்டாள். காத்திருக்கிற பெண்களும் கூட உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். இது ஆஸ்பத்திரியா, பெட்டி ஆபீஸா? திட்டினேன். "அவிய கை சும்மா இருந்தா கண்ணு கலங்குது, டாக்டரம்மா. ஒட்டுனா பேசுதாவ" என்றாள். போகட்டும் என்று விட்டேன்.

20 ஜனவரி, திங்கள்

பொங்கல் கழிந்து நல்ல கூட்டம். கடைசியாக ஒரு புருஷன் பெண்சாதி. எட்டயபுரம் பக்கத்துக் கிராமம். கம்பும் மிளகாயும் போடுகிற, நிலம் உள்ள குடும்பம். பெயர்களையும் விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அவளுக்குச் செண்பகவல்லி என்று வைக்கிறேன். அம்மன் பெயர் அது, இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு செண்பகவல்லி மேல்தான் விழும். புருஷன் தவசி.

கார்த்திகையிலிருந்து அவளுக்குப் பேச்சு வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. தவசிதான் பேசினார். "தொண்டை டாக்டரு ஒண்ணும் இல்லன்னுட்டாரு. கோடாங்கி பேயும் இல்லன்னுட்டான். அப்போ என்னதாம்மா இது? வீட்ல நான் ஒருத்தனே பேசிக்கிட்டுத் திரியுதேன், பைத்தியக்காரன் மாதிரி."

பேச்சு போன அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். விசேஷமாக ஒன்றும் இல்லையாம். மகளுக்கு ஐந்து வயது. பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் சாஸ்தா கோவிலில் காது குத்தலாம் என்று நாள் பேசினார்களாம். மறுநாள் காலை எழுந்தால் வாய் வரவில்லை. அவர் இதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நீலமாகிவிட்டது.

27 ஜனவரி, திங்கள்

பேசிவிட்டாள்!

எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் வேலைக்காகாது என்று, தவசியை முன்படிக்கு அனுப்பிவிட்டு, வெயிலம்மாளின் அட்டையையும் பசையையும் உள்ளே வாங்கி வைத்தேன். ஜன்னல் பக்கம் அவள், பக்கத்தில் நான். இரண்டு பேரும் ஒட்டினோம். நான் ஒட்டியதெல்லாம் கோணல். அவள் அதைப் பிரித்துச் சரிசெய்து வைத்தாள். ரொம்ப நேரம் கழித்து, காற்று மாதிரி ஒரு சத்தம்: "பசை தீந்துட்டு."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலம்மாளைக் கூப்பிட்டுப் பசை ஊற்றச் சொன்னேன். அப்புறம் அவளே கேட்டாள். "நான் சொல்லுதத யார்ட்டயும் சொல்ல மாட்டீங்கல்லா?"

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. இந்த ரூமைத் தாண்டாது."

படித்த படிப்பு அதுதானே. நோயாளி சொன்னது நம்மோடு போகவேண்டும். யோசிக்காமல் கொடுத்தேன்.

அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது. தேவையானது மட்டும்: ஆறாம் வகுப்பு படிக்க அவளை இதே கோவில்பட்டியில் மாமா வீட்டில் விட்டார்கள். அம்மாவின் தம்பி, வன்னியபெருமாள் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷம் அங்கே இருந்தாள். அந்த இரண்டு வருஷமும் நரகம். அப்பாவிடம் படிப்பு ஏறவில்லை என்று சொல்லி ஊருக்குத் திரும்பினாள். படிக்காத மக்கு என்று இன்றுவரை பெயர்.

அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. ஒரு அக்கா மட்டும். அதனால் அவள் கல்யாணத்திலிருந்து வளைகாப்புவரை மாமன் முறை எல்லாம் அந்த ஆளே செய்திருக்கிறார். இப்போது மகளுக்குக் காது குத்தும்போதும் மாமன் மடி அவர் மடிதான். பிள்ளையைப் பட்டுப்பாவாடை கட்டி அந்த மடியில் உட்கார வைக்கவேண்டும். "எம் பிள்ளைய நானே தூக்கிக் குடுக்கணும்லா" என்றாள். பேச்சு ஏன் போயிற்று என்று இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

3 பிப்ரவரி, திங்கள்

இன்று ஒரு வாக்கியம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

"எங்கக்கா மக பெத்தம்மா இப்ப அங்கனதான் இருக்கா. ஆறாப்பு."

எங்கே?

"மாமா வீட்ல. நான் படுத்த அதே ரூம்ல."

அவள் கை அட்டையை மடித்துக்கொண்டே இருந்தது. உங்க அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், தெரியாது என்று. அக்கா ஆறுமுகத்தாய்க்கு மாமா என்றால் சாமி. தங்கச்சிக்கு ஒத்துவராத படிப்பு மகளுக்காவது வரட்டும் என்று போன ஜூனில் கொண்டுவந்து விட்டாளாம்.

"அக்காட்ட சொல்லணும்மா" என்றேன்.

"நீங்க சத்தியம் பண்ணிருக்கீங்க."

"பண்ணினேன். ஆனா ஒரு பச்சப்பிள்ளை..."

"சொன்னீங்கன்னா எங்க தோட்டத்துக் கெணறு இருக்கு. தண்ணி கெடக்கோ இல்லையோ, ஆழம் கெடக்கு."

கத்தவில்லை, அழவில்லை. அடுத்த கூட்டை எடுத்து ஒட்டினாள்.

நான் யார் பக்கம் நிற்க? எதிரே உட்கார்ந்திருக்கிறவள் பக்கமா, நான் பார்த்தே இராத பிள்ளை பக்கமா?

5 பிப்ரவரி

என் வீட்டுக்காரர் நந்தகோபால் மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் டூட்டி முடிந்து வந்தார். "என்ன, நரம்பு டாக்டருக்கே நரம்புத் தளர்ச்சியா?" என்று கிண்டல். எரிந்து விழுந்தேன். புருஷனிடம்கூடச் சொல்லக்கூடாது. ஆள், ஊர் ஒன்றும் சொல்லாமல் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: ஒருத்தரிடம் வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று, வாயைத் திறக்காவிட்டால் இன்னொருத்தருக்குக் கேடு. என்ன செய்வீர்கள்?

நந்தகோபால் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "தண்டவாளத்துல கல்லு கெடக்குன்னு தகவல் வந்தா, யார் சொன்னான்னா கேப்பேன்? வண்டிய நிறுத்துவேன். மத்தத பெறவு பாத்துக்கிடலாம்."

இவருக்கு உலகமே ரயில்தான். அவர் வண்டியை நிறுத்தினால் யாரும் கிணற்றில் விழப்போவதில்லையே.

8 பிப்ரவரி, சனி

மதுரைக்கு டிரங்க் கால் போட்டு என் பேராசிரியரிடம் கேட்டேன். பெயர் சொல்லாமல்தான். "சத்தியபாமா, நீ ஒருதடவை வெளியே சொன்னால் போதும். அதற்கப்புறம் ஒரு பெண்ணும் உன் படி ஏறமாட்டாள். நூறு பேர் வாயை நீ அடைத்துவிடுவாய்" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

சாயங்காலம் எதிர்வீட்டு வக்கீல் மாயகிருஷ்ணன். கொலை, கொள்ளை மாதிரி சில குற்றங்கள் தெரியவந்தால் யாரானாலும் தகவல் கொடுத்தாகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். இது அந்தப் பட்டியலில் இல்லையாம். "டாக்டர் சொல்லித்தான் ஆகணும்னு கட்டாயம் கெடையாது. சொன்னீங்கன்னாலும், இத்தனை வருசத்துக்கு முந்தி நடந்ததுக்கு சாட்சி யாரு? அந்தப் பொண்ணக் கூண்டுல ஏத்தி நாலு பேரு முன்னால கேப்பாங்க. அவ தாங்குவாளா?" என்றார். கட்டாயம் இல்லை என்றதும் எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது. சட்டம் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால்கூடத் தேவலை. தள்ளினது சட்டம், நான் இல்லை என்று அவளிடம் சொல்லியிருப்பேன்.

10 பிப்ரவரி, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். சத்தியமும் உடையாது, காரியமும் நடக்கும்.

தவசியைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரிக்கு நரம்பு ரொம்பப் பலவீனம், கூட்டம் சத்தம் ஆகாது, நல்ல ரெஸ்ட் வேண்டும், காதுகுத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பவ்யமாகத் தலையாட்டினார். செண்பகவல்லி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். முதலில் பிள்ளை தப்பட்டும், அக்கா மகள் விஷயத்தை மெதுவாகப் பார்க்கலாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

நான் ஒரு முட்டாள். படித்த முட்டாள்.

தவசி தனியாக வந்தார், முகமெல்லாம் சந்தோஷம். "நீங்க சொன்னபடியே ரெஸ்ட்ல வச்சிருக்கோம். பாப்பா இருந்தா அவ எங்க ரெஸ்ட் எடுக்க? மாமாவே முந்தாநாள் வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாவ. காதுகுத்தையும் தள்ள வேண்டாம்னுட்டாவ. ஆத்தாக்காரி வரலன்னா என்ன, மாமன் மடி இருக்குல்லா, நான் வச்சு நடத்திக்கிடுதேன்னாவ. தங்கமான மனுசன்."

மாமன் என்ற ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் என்ன மரியாதை என்று தெரிந்தும், தாய்க்கு உடம்புக்கு ஆகாவிட்டால் பிள்ளையை முதலில் அங்கேதான் அனுப்புவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே.

"போங்க, இப்பவே போய் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க!" என்று கத்திவிட்டேன். வெயிலம்மாள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அந்த மனுஷர் பயந்துபோனார். "முந்தி ரெஸ்ட்டுன்னீங்க?" "முந்தி சொன்னது தப்பு. அவளுக்கு மருந்தே பிள்ளைதான். பிள்ளை பக்கத்துல இல்லன்னா இருக்கிற பேச்சும் போயிரும். ஓடுங்க."

அவர் பிள்ளையோடு வரும்வரை வேறு யாரையும் பார்க்கவில்லை. அப்பன் தோளில் உட்கார்ந்து சீரணி மிட்டாய் தின்றுகொண்டு வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. மடியில் வைத்துக்கொண்டு, மாமாத் தாத்தா வீட்ல யாரோட படுத்தே என்று கேட்டேன்.

"பெத்தக்கா கூட. அக்கா என்னையச் செவுத்து ஓரமாப் போட்டு, அவ முன்னால படுத்துக்கிடுவா. எந்திரிச்சு உக்காந்தேயிருப்பா. நான்தான் நல்லாத் தூங்கினேன்."

ஐயோ.

பதினோரு வயசுப் பிள்ளை. எங்கள் சத்தியமும் சட்டமும் ஒன்றும் தெரியாமல், இந்தச் சின்னதைச் சுவரோரம் போட்டுவிட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறது.

19 பிப்ரவரி, புதன்

செண்பகவல்லியை வரச் சொல்லியிருந்தேன். இன்றைக்கு அட்டை, பசை எதுவும் இல்லை. பாப்பா சொன்னதைச் சொன்னேன். பிறகு நான், "உனக்குக் குடுத்த வாக்கை என்னால காப்பாத்த முடியாது. பெத்தம்மா விஷயத்தை நான் சொல்லப்போறேன். உனக்குத் தெரியாம சொல்லக்கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை மாதம் அடைத்துக் கிடந்த குரல் முழுசாக வந்தது. என்மேலே வந்து விழுந்தது.

"சொல்லாதன்னு அவிய சொன்னாவ. அப்போ நான் சின்னப்பிள்ளை. சொல்லப்போறேன்னு நீங்க சொல்லுதீங்க. உனக்கு என்னட்டி வேணும்னு ரெண்டு பேரும் கேக்கலியே!"

எழுந்து போய்விட்டாள். என்னை அந்த ஆளோடு சேர்த்து வைத்துவிட்டாளே என்று முதலில் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அவள் சொன்னதில் பிழை எங்கே என்று தேடித்தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

20 பிப்ரவரி

கிணறு. காலையிலிருந்து கண்முன்னால் அந்தக் கிணறுதான்.

மருந்து கொடுத்துவிடுகிற சாக்கில் வெயிலம்மாளை முதல் பஸ்ஸிலேயே அவள் ஊருக்கு அனுப்பினேன். மதியம் திரும்பினாள். "மொளகாப் பழம் பறிச்சிக்கிட்டு நிக்கா. எனக்கு மோர் குடுத்தா. உங்ககிட்ட திங்கக்கெழம வாரேன்னு சொல்லச் சொன்னா. ஏன்மா, உங்களுக்கு என்ன செய்யுது? வேர்த்து ஊத்துது?" நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போய்ப் பெட்டி ஒட்டினாள்.

24 பிப்ரவரி, திங்கள்

வந்தாள். அவள் உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டேன்: "உனக்கு என்ன வேணும்?"

"எங்கக்காவுக்குத் தெரியணும். போலீசு வேண்டாம், ஊரு வேண்டாம். அக்காவுக்கு மட்டும். ஆனா எம் வாயால முடியாது. நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவியளுக்கு நான் சொல்லிக்கிடுவேன். என்னைக்காவது."

போகும்போது வாசலில் நின்றாள். "அன்னைக்கு உங்கள ரொம்பப் பேசிட்டேன்."

"நல்லாத்தான் பேசினே" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

26 பிப்ரவரி, புதன்

ஆறுமுகத்தாய் வந்தாள். தங்கச்சியைவிட ஐந்தாறு வயது பெரியவள், வாட்டசாட்டமான உடம்பு, பேச்சில் அதிகாரம். தங்கச்சிக்கு என்ன நோய் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து வந்திருக்கிறாள். நான் சொன்னேன். நீட்டவில்லை, குறைக்கவும் இல்லை. செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"ஏட்டி, இது நெசமா?"

செண்பகவல்லி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"பொய்! சித்தம் கலங்கிப்போயி உளறுதா. அதுக்கு ஒரு டாக்டரு வேற தாளம் போடுதீங்க! எங்கப்பன் செத்தன்னைக்கு எங்களக் கையப் பிடிச்சுத் தூக்கிவிட்டது யாரு தெரியுமா? அவிய இல்லன்னா நாங்க தெருவுலல்லா நிப்போம்!"

பாப்பா சொன்னதைச் சொன்னேன், சுவரோரம் படுக்கப் போட்டதை. "பிள்ளைய ஏன் அப்படிப் படுக்க வச்சா உங்க மக? யாருக்குப் பயந்து உக்காந்திருந்தா? போய் அவகிட்ட கேளுங்க. இந்த வாரத்துக்குள்ள நீங்க அவளக் கூட்டிட்டுப் போகலன்னா நானே அந்த வீட்டுப் படி ஏறுவேன்." ஆறுமுகத்தாய் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு முன்படி வழியாக இறங்கிப் போனாள்.

செண்பகவல்லி சொன்னாள்: "நம்ப மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லியாச்சுல்லா."

1 மார்ச், சனி

ஒரு தகவலும் இல்லை. இனிப் பொறுக்கமுடியாது என்று போய்விட்டேன். செண்பகவல்லிக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் போனேன்.

நல்ல வீடு, முற்றத்தில் வேப்பமரம். வன்னியபெருமாள் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க வாங்க, டாக்டரம்மா. எங்க புள்ளைக்கு வைத்தியம் பாக்குதீங்க, நீங்க எங்களுக்குத் தெய்வம்." குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் ஒரு ராட்சசனை எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் போல. இது யார் வீட்டிலும் பெரியமனுஷராக உட்காரக்கூடிய ஆள். அதுதான் பயமாக இருந்தது.

பெத்தம்மாளைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"அவளா? அவ ஆத்தா புதன்கிழமை செருப்பக் கையில தூக்கிக்கிட்டு வந்து நின்னா. என்ன கோவமோ தெரியல, பிள்ள கையப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டா. புஸ்தகப்பை எல்லாம் இங்கனதான் கெடக்கு."

புதன்கிழமை. என் படியிலிருந்து இறங்கி நேரே அங்கேதான் போயிருக்கிறாள். பொய் பொய் என்று கத்திக்கொண்டே போயிருக்கிறாள்.

புஸ்தகப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போது அவர் குரலைத் தணித்தார். "செண்பகவல்லி எப்படி இருக்கா? பேசுதாளா?"

"பேசுதா. நல்லா, தெளிவா, எல்லாம் பேசுதா."

கலர் வந்தது. நான் குடிக்கவில்லை. அவர்தான் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும் முன்னே பாதியை வேட்டியில் சிந்திக்கொண்டார்.

14 மார்ச்

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. ஒண்ணே ஒண்ணுதான் தாண்டும். ஒரு குழந்தைக்கு இப்போ ஆபத்துன்னு தெரிஞ்சா நான் வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டேன். ஆனா உங்களுக்குத் தெரியாம ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்." இதைக் கேட்டதும் ஒரு அம்மாள் எழுந்து போய்விட்டாள். பேராசிரியர் சொன்னது பலித்துவிடுமோ? அவள் எதைச் சொல்லாமல் போனாளோ என்று உறுத்துகிறது.

25 மார்ச், செவ்வாய்

பங்குனி உத்திரம். ஊரே சாஸ்தா கோவில்களுக்கு வண்டி கட்டிவிட்டது. வெயிலம்மாளும் லீவு. ஒரு நோயாளி இல்லை. இன்றைக்குத்தான் அந்தக் காதுகுத்து. தவசிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நாளைத் தள்ளவில்லை.

28 மார்ச், வெள்ளி

செண்பகவல்லி முன்படி வழியாக வந்தாள். பாப்பா காதில் தங்கக் கம்பி, மஞ்சள் தடவியிருக்கிறது. தொட்டுப் பார்க்கப் போனேன். "தொடாதீங்க, வலிக்கும்" என்று அதட்டினாள் குட்டி.

அவள் சொன்னது: "ஆசாரி மணையப் போட்டு 'மாமன் எங்க'ன்னாரு. அவிய துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு முன்னால வந்தாவ. எனக்கு வேண்டாம்னு சொல்லணும், வார்த்தை வரல. அதுக்குள்ள எங்கக்கா போயி மணைல உக்காந்துட்டா. பிள்ளையக் குடுட்டின்னு கைய நீட்டுதா. சொந்தக்காரவ எல்லாம் சத்தம் போடுதாவ, பொம்பள உக்காரலாமா, மாமனுக்கு அவமரியாதையான்னு. எங்கக்கா யாரையும் பாக்கல. அவியள மட்டும் பாத்துக்கிட்டே இருந்தா. 'இந்தப் பிள்ளைக்குப் பெரியம்மா மடி போதும். மாமன் மடி வேண்டாம். ஏன்னு நான் சொல்லவா, நீங்களே போறீயளா?'ன்னு கேட்டா. அவிய சீர்த்தட்டக் கீழ வச்சாவ. சட்டைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நடந்துட்டாவ."

"உங்க வீட்டுக்காரர்?"

"வரும்போது வண்டில என்னட்டி இதுன்னு கேட்டாவ. சொன்னேன். எட்டயபுரம் வாற வரைக்கும் வண்டிய விரட்டுனாவ. பெறவு, 'எம் பிள்ளைய நானே தூக்கிக் குடுத்தேனே'ன்னு வண்டிய நிறுத்தி அழுதாவ."

தவசி கீழே மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தார். மேலே வரவில்லை. ஜன்னல் வழியாக நான் கையை அசைத்தேன். அவர் கும்பிட்டார்.

11 ஏப்ரல்

பெத்தம்மாள் ஊரிலிருந்தே பஸ்ஸில் வந்து பரீட்சை எழுதுகிறாளாம். வெயிலம்மாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாளாம். அந்தப் பிள்ளை யாரோடும் பேசுவதில்லையாம்.

9 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கிற நாள். ஆறுமுகத்தாய் மகளோடு வந்தாள். என்னை நேராகப் பார்க்கவில்லை. "இவ புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேங்கா. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. கேட்டா அழுதா. நீங்க கேளுங்க" என்றாள். அப்புறம், "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஒல்லியான பிள்ளை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அட்டையைக் கொடுத்தேன். வேகமாக ஒட்டினாள். பிப்ரவரி மூன்றாம் தேதியே எனக்குத் தெரியும். இவளை நான் அந்த மாதம் முழுவதும் அந்த வீட்டில் விட்டுவைத்தேன், சத்தியம் என்றும் சட்டம் என்றும் அலைந்துகொண்டு. அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எல்லோரிடமும் சொல்வதை இவளிடமும் சொல்லவேண்டும். பயந்து எழுந்து போய்விடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன்.

"கண்ணு, நீ சொல்றதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனா ஒரு பிள்ளைக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா மட்டும் சும்மா இருக்கமாட்டேன். உன்கிட்ட சொல்லிட்டு, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிருவேன்."

ஒட்டுகிற கை நின்றது.

"கண்டிப்பாச் சொல்லுவீங்களா?"

என்ன பதில் வேண்டும் இவளுக்கு என்று தெரியவில்லை. "சொல்லுவேன்" என்றேன்.

"மாமாத் தாத்தா வீட்டுக்கு இந்த வருசம் வேற ஒரு பிள்ளை படிக்க வந்திருக்கு. அவியளுக்கு அத்தை வழிச் சொந்தம். மாமாத் தாத்தா கூட்டிட்டுப் போறத நான் பஸ்ல பாத்தேன்." பசைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "நான் எல்லாம் சொல்லுதேன். நீங்க இன்னைக்கே சொல்லணும்."